வாயால் சொன்னால் போதாது

(பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் வகுப்பிலும் ஓயாமல் எழும் புகார் ஒன்று உண்டு. "சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்ல." சொல்பவர் களைத்துப்போய்த்தான் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள்ளேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது: காது கேட்கிறது, விஷயம் புரிகிறது, செய்யத்தான் மனமில்லை. தீர்ப்பு வந்த பிறகு தண்டனைக்கு வெகுநேரம் ஆகாது. குரல் உயரும், கை ஓங்கும், வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்று சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து வயதுப் பையன். அம்மா குளிக்கப் போகும்போது, "அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றான். பாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது. ஓடி வந்த அம்மா திட்டினார். எதற்குத் திட்டு விழுகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. பொங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், பார்த்தான். கேஸை அணை என்று யாரும் சொல்லவில்லை. அணைக்கத் தெரியாதவனும் இல்லை. சொன்னதை அவன் ஓர் எழுத்து பிசகாமல் செய்திருக்கிறான். அம்மா சொல்லாமல் விட்ட பாதிதான் அடுப்பில் வழிந்தது.

இது புதிய சேதி அல்ல. பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக முதலில் விரிவாக விவரிக்கப்பட்டது. அதிலேயே இது இருக்கிறது. கையில் இருப்பதைக் கீழே வை என்று சொன்னால் நேராகத் தரையில் கொண்டுபோய் வைத்த ஒரு சிறுவனை அவர் குறிப்பிடுகிறார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் "கீழ வை"தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீடுகளில் எத்தனை கட்டளைகள் கட்டளையாகவே வெளிவருகின்றன என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். "உனக்குக் கதவச் சாத்தத் தெரியாதா?" பிள்ளை, "தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும். நாம் அதைத் திமிர் என்போம். கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். "மழை வர்ற மாதிரி இருக்கே" என்றால் மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணியை எடு என்று பொருள். "இன்னும் என்ன நின்னுட்டிருக்க?" என்றால் கிளம்பு என்று பொருள். நேராக ஏவுவது மரியாதைக் குறைவு என்று பழகிய சமூகம் நாம். சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆனால் ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த வளைவில்தான் செய்தி தொலைந்துபோகிறது. "மாடிக்குப் போ. கொடியில இருக்கற துணிய எடு. கூடையில போட்டுக் கீழ கொண்டு வா." இப்படிச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். அந்தப் பிள்ளைக்கு இதுதான் பரிவு.

சொல்லாத பாதி ஒரு பக்கம் இருக்கட்டும். சொன்ன பாதியாவது முழுதாகப் போய்ச் சேருகிறதா?

இங்கே இருக்கும் பெற்றோரில் பலர் முதலில் போனது காது மூக்கு தொண்டை மருத்துவரிடமாகத்தான் இருக்கும். கூப்பிட்டால் திரும்பவில்லை என்று, செவித்திறனைச் சோதிக்கும் பெரா டெஸ்ட் எடுத்திருப்பீர்கள். செவி நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்திருக்கும். கானர் பார்த்த குழந்தைகளிலும் சிலரை முதலில் காது கேளாதவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். செவி நன்றாக இருக்கிறது என்ற அந்த முடிவு நிம்மதி தருகிறது, கூடவே ஒரு தப்பான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது: "காது நல்லாத்தான் இருக்கு, அப்புறம் என்ன?" காது வாங்கிய ஒலியைச் சொல்லாகப் பிரிப்பது மூளையின் வேலை. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டிமோதி ராபர்ட்ஸ் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓர் ஒலி விழுந்து ஏறக்குறைய நூறு மில்லி விநாடியில் மூளையில் எழும் அலையை அவர்கள் அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அந்த அலை சராசரியாகச் சுமார் 10 மில்லி விநாடி தாமதமாக எழுந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் மெய்யெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதே இத்தகைய நுண்ணிய இடைவெளிகளில்தான். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியராக இருக்கும் டெம்பிள் கிராண்டின் தானும் ஆட்டிசம் உள்ளவர். அவர் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: பெரியவர்கள் வேகமாகப் பேசினால் வன்மையான மெய்யொலிகள் காதில் பிடிபடாமல் உயிரொலிகள் மட்டும் ஓடினவாம். மெய்யை எடுத்துவிட்டு ஒரு வாக்கியத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள்.

இதோடு இரைச்சல் சேர்ந்தால்? ஆட்டிசம் உள்ளவர்கள் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிய அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். முக்கியமாக, இரைச்சல் சற்றே தணியும் குட்டி இடைவெளிகளில் நாமெல்லாம் சொல்லை எட்டிப் பிடித்துக்கொள்கிறோமே, அந்தப் பிடி அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இப்போது நம் காலை ஏழரை மணிச் சமையலறையை நினையுங்கள். மிக்ஸியில் சட்னி, குக்கரில் மூன்றாவது விசில், கூடத்தில் டிவி, தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் ஒலிபெருக்கி. அதற்கு நடுவே, இன்னொரு அறையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, "டேய், சாக்ஸப் போட்டாச்சா, லஞ்ச் பேகை எடுத்துக்கோ, தண்ணி பாட்டில் மூடி டைட்டா இருக்கான்னு பாரு, வேன் வந்துடும்" என்கிறோம். போய்ச் சேராது. சேராதது கண்டு நாம் செய்வது என்ன? அதையே இன்னும் உரக்க, இன்னும் வேகமாக, வேறு சொற்களில் சொல்கிறோம். "டம்ளர எடு" என்றோம். இரண்டு விநாடி ஆவதற்குள் "அந்த எவர்சில்வர்டா" என்கிறோம். "அதான், மேடை மேல இருக்கே" என்கிறோம். முதல் வாக்கியத்தைப் பாதி பிரித்துக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்குகிறான், பிறகு மூன்றாவதை. எதுவும் முடிவதில்லை. ஒரு முறை சொல்லுங்கள். நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். திரும்பவும் சொல்லியே ஆகவேண்டுமானால் அதே சொற்களில் சொல்லுங்கள்.

கூப்பிட்டதே தெரியாமல் போவதும் உண்டு. டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரையில், ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல திசையில் சிதறாமல் ஒரே இடத்தில் ஆழ்ந்து நிற்பது என்று விளக்கினார்கள். மர்ரேயும் லாசனும் ஆட்டிசம் உள்ளவர்களே. பிள்ளை தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து நாம் கத்தும் பெயர் அந்த ஆழத்துக்கு எட்டுவதில்லை. பக்கத்தில் போங்கள், அவன் கண்ணில் படும்படி உட்காருங்கள், அடுக்கி முடிக்கும் ஒரு கணத்துக்குக் காத்திருந்து பிறகு பேசுங்கள். "என் கண்ணப் பாத்துக் கேளு" என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். கடினமான கேள்வியை யோசிக்கும்போது எந்தக் குழந்தையும் எதிரில் இருப்பவரின் முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் யோசிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்று பிரிட்டனில் க்வினெத் டொஹர்ட்டி-ஸ்னெடன் குழுவினர் கண்டிருக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவன் உங்கள் பேச்சைத்தான் அலசிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, நினைவில் நிறுத்துவது. பெட்ரோல் பங்கில் வழி கேட்டால் மூன்று திருப்பம் வரைதான் தன்னால் நினைவில் வைக்க முடியும், அதற்கு மேல் போனால் எழுதித்தான் தர வேண்டும் என்று கிராண்டின் பலமுறை சொல்லியிருக்கிறார். கால்நடைகளைக் கையாளும் பெரும் கட்டுமானங்களை மனத்திலேயே வரைந்து பார்க்கக்கூடிய ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தமிழில் ஏவும்போது நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்து வந்ததில் நான் பார்த்தது இது. நாம் வேலைகளை எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகிறோம்: "குளிச்சிட்டு, ஈரத் துண்டக் கொடியில போட்டுட்டு, பூஜை ரூம்ல விளக்கு எரியுதான்னு பாத்துட்டு, சாப்பிட வா." வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை முன்னே வந்த எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையின் கையில் எஞ்சுவது பெரும்பாலும் "சாப்பிட வா"தான். ஈரத் துண்டோடு வந்து தட்டின் முன் உட்காரும். நாம் மறுபடி கத்துவோம். விலக்கும் ஏவலில் சிக்கல் இன்னும் பெரிது. "ஓடாதே" என்பதில் ஓட்டம்தான் முதலில் காதில் விழுகிறது. வேண்டாம் என்பது வாலில் இருக்கிறது, ரோட்டோரத்தில் பதறிக் கத்தும்போது அந்த வால் காற்றில் போய்விடுகிறது. "நில்" என்று சொல்லுங்கள். "கையப் பிடிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். செய்யக் கூடாததை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்பதை நாம் இரண்டு பக்கமும் தப்பாக எடைபோடுகிறோம். அப்பா பைக் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு "வெளிய போலாமா?" என்றதும் செருப்பை எடுத்துவரும் குழந்தையைப் பார்த்து, பேச்செல்லாம் புரிகிறது என்கிறோம். சேதி சொன்னது சாவியாக இருக்கலாம். விளம்பரங்களை வரி பிசகாமல் ஒப்பிக்கும் குழந்தைக்கு எல்லாம் புரியும் என்று நினைக்கிறோம். பொதுவாகக் குழந்தைகளிடம் புரிதல் பேச்சைவிட வெகுதூரம் முன்னே ஓடும். ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகள் பலரிடம் அந்த முன்னிலை குறைவாகவே இருக்கிறது, சிலரிடம் தலைகீழாகவும் இருக்கிறது. மறுபக்கம், ஒரு சொல்லும் பேசாத பிள்ளைக்கு எதுவும் புரியாது என்று அதன் எதிரிலேயே அதைப் பற்றிப் பேசுகிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பேசாதவர்களில் எத்தனையோ பேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களிடம் வாய்மொழியே செல்லாது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படிச் சங்கிலியாகக் கடத்திப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவில், ஆட்டிசம் உள்ளவர்களே முழுதும் இருந்த சங்கிலி மற்றவர்களின் சங்கிலிக்குச் சமமாகக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் கதை அதிகம் சிந்தியது. 2025-இல் இன்னும் பெரிய அளவில் செய்தபோது கலந்த சங்கிலியிலும் அந்த இழப்பு தெரியவில்லை. இரண்டிலும் மாறாமல் நின்றது ஒன்று: ஆட்டிசம் உள்ளவர்கள் சொல்லவும் கேட்கவும் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஒருவர், எதிரே இருக்கும் ஒருவருக்கு, வேறு வேலையில்லாமல், நிதானமாகச் சொன்ன கதை அது. நாம் ஏழரை மணிக்கு மிக்ஸிக்கு மேல் கத்துவது வேறு.

சரி, என்ன செய்வது? என் பதில் சின்னது: எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதென்றால் படம் வரைந்து கொடுங்கள். பேச்சு என்பது நிற்காமல் போகும் பஸ்ஸின் போர்டு; படித்து முடிப்பதற்குள் தெருமுனை தாண்டிவிடும். காகிதம் நிற்கும். ஒரு முறை தவறவிட்டால் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்டுத் திட்டு வாங்க வேண்டாம்.

இதை ஒரு முறையாகவே வளர்த்தவர் உளவியலாளர் எரிக் ஷாப்லர். ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் புத்தகம் எழுதி, ஊரே அதை நம்பிய காலம். ஷாப்லர் அதை மறுத்தார். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். 1972-இல் வட கரோலினா மாநிலம் அவருடைய டீச் (TEACCH) என்ற ஆட்டிசக் கல்வித் திட்டத்தை மாநிலம் முழுவதற்குமானதாக ஏற்றது. பிள்ளையின் மேசையைப் பார்த்தாலே நாலு விஷயம் தெரிய வேண்டும் என்பது அந்த முறையின் சாரம்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன. வாய்மொழிக் கட்டளையில் பெரும்பாலும் விட்டுப்போவது கடைசி மூன்றும்தான். "கணக்குப் போடு" என்கிறோம். எத்தனை கணக்கு? எப்போது நிறுத்தலாம்? முடித்தால் என்ன? இது தெரியாமல் ஒருவர் எப்படி நிம்மதியாகத் தொடங்குவார்? இதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. பழைய காலண்டர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்வார்கள்: "எழுதிக் குடுத்தா அதுவே பழகிடும், நாளைக்கு யாரு எழுதிக் குடுப்பா?" பிள்ளை சரியாகச் செய்ய ஆரம்பித்ததும் அட்டையை எடுத்துவிடும் பள்ளிகளும் உண்டு. அட்டை இருந்ததால்தான் சரியாகச் செய்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழகட்டும். பழகி, தானே எழுதிக்கொள்ளக் கற்றுக்கொள்ளட்டும். நம் மருந்துக்கடைகளைப் பாருங்கள். மாத்திரை உறையில் 1-0-1 என்று எழுதி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று குறித்துத்தான் கொடுக்கிறார்கள். அது யாருக்கும் சலுகையாகத் தெரியவில்லை. தப்பினால் ஆபத்து என்று நாம் நம்பும் இடத்தில் எல்லோருக்குமே எழுதிக் கொடுக்கிறோம்.

எழுத்து தீர்க்காத ஒன்றும் உண்டு. கேட்டது, புரிந்தது, நினைவிலும் நிற்கிறது, செய்ய ஆசையும் இருக்கிறது. உடல் தொடங்க மறுக்கிறது. 2021-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதைத் தங்கள் சொற்களில் விவரித்தார்கள்: எழுந்து போய்ச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்தும், விரும்பியும், உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் இருந்துவிடுவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சோம்பேறித்தனமாகத் தெரியும் வேறொன்று இருக்க முடியாது. உள்ளே இருப்பவருக்கு இதைவிட வேதனை வேறு இல்லை. இங்கே பட்டியல் நீளமாக இருந்து பயனில்லை. கூட ஒருவர் எழுந்து நடப்பது, முதல் தட்டை அவரோடு சேர்ந்து எடுத்து வைப்பது, இதெல்லாம் உதவும். திட்டு உதவாது. பதற்றம் ஏற ஏறத் தொடங்குவது இன்னும் கடினமாகிறது.

கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒருவரைப் பற்றி முடிவுகட்டும் அதிகாரம் ஆயுதம் ஏந்தியவர் கையில் இருந்தால் என்ன ஆகும்? 2020 மே 30 அன்று ஜெருசலேமின் பழைய நகரில், ஆட்டிசம் உள்ள 32 வயதுப் பாலஸ்தீனர் ஒருவர் தான் வழக்கமாகப் போகும் சிறப்புப் பயிற்சி மையத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். இஸ்ரேலிய எல்லைக் காவல் படையினர் நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் பயந்து ஓடினார், குப்பை சேர்க்கும் இடத்தில் ஒதுங்கினார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண், இவர் மாற்றுத்திறனாளி என்று கூவினார். சுட்டுவிட்டார்கள். அவர் கையில் ஆயுதம் ஏதும் இல்லை. சுட்ட காவலரை 2023 ஜூலையில் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஓர் உயிர் போனது ஒரு சொல்லுக்கு உடனே கீழ்ப்படியாததால். நம் காவல்துறைப் பயிற்சியில் இந்தச் சம்பவம் பாடமாக வேண்டும் என்று நான் உரிமையோடு கேட்கிறேன்.

எழுதிக் கொடுக்கும் பேச்சுக்குத் திரும்புவோம். நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. தகவல் தொடர்பு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கும் இடத்திலேயே எழுத்து, காட்சிவழித் தகவல், எளிய நடை எல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. அரசு வேலையில் குறைந்தது 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. ஆகவே வேலைக்கு வருவார்கள். வந்தவரிடம் மேலதிகாரி நடைபாதையில் நின்று, "நேத்து சொன்னேனே, அது மாதிரியே இதையும் பண்ணிடுங்க, அவசரமில்ல, ஆனா சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? எது மாதிரி? எத்தனை மணிக்குள்? கேட்டால் மந்தம் என்பார்கள், கேட்காமல் செய்தால் தப்பு என்பார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: இந்தக் கோப்பு, இந்தப் படிவத்தில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள். எழுத ஒரு நிமிடம் ஆகாது. அதை எழுதாததால் வேலையை விட்டுப் போனவர்களை நான் அறிவேன். அவர்கள் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று கோப்பில் இருக்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறோம், நல்லது. ஆனால் வினாத்தாளில் திருத்தம் இருந்தால், அறைக் கண்காணிப்பாளர் வாசலில் நின்று ஒரு முறை வாயால் அறிவித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அப்போது எழுதுவதில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைக்கு அது காதில் விழாது. தப்பான வினாவுக்கு அரைமணி நேரம் போராடும். பள்ளித் தேர்விலிருந்தே இதை மாற்றலாம். எந்த வினா, என்ன திருத்தம், எத்தனை மணிக்குத் தேர்வு முடியும், இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள், மணி அடிக்கும் வரை அழிக்காதீர்கள். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை, திங்கட்கிழமையே தொடங்கலாம்.

கேள்விகள் இருந்தால் பேசியும் கேட்கலாம், எழுதியும் தரலாம். காகிதமும் பேனாவும் முன்வரிசை மேசையில் இருக்கின்றன.